தேடல் பெட்டியில் சிப் நம்பரைப் போடுங்கள்

'எலக்ட்ரானிக்ஸ் பாட்காஸ்ட்' என்று தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் மாட்டும். ஒன்று, இந்த வாரம் எந்த போர்டு புதிதாக வந்திருக்கிறது என்று பேசும் அரட்டை. மற்றது, பாகங்கள் விற்கும் கம்பெனி தன் துணைத் தலைவரை உட்காரவைத்து எடுத்த இருபத்தைந்து நிமிட விளம்பரம். நாற்பது வருடம் பெஞ்சில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர், அந்த சிப் ஏன் தாமதமானது, சிப்பின் வடிவத்தை அச்சிட உதவும் மாஸ்க்கில் எங்கே தப்பு விழுந்தது, மேலதிகாரியிடம் எதை மறைத்தார்கள் என்றெல்லாம் மூன்று மணி நேரம் விலாவாரியாகப் பேசுகிற பதிவுகளும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பாதி 'பாட்காஸ்ட்' என்ற பெயரிலேயே இல்லை. அதனால்தான் மேலே சொன்ன தேடலில் அவை தலைகாட்டுவதில்லை.

துறையின் பெயரை விட்டுவிட்டு சிப்பின் எண்ணையோ மெஷினின் பெயரையோ கொண்டு தேட வேண்டும். '6502', 'இசட்80', '68000', '555' என ஏதாவது ஒன்றைப் போட்டு, அதோடு வாய்மொழி வரலாறு என்று பொருள்படும் 'ஓரல் ஹிஸ்டரி' என்ற சொல்லைச் சேருங்கள் (தட்டுவது ஆங்கிலத்தில்தான்). எண் குறைந்தது இருபத்தைந்து, முப்பது வருடப் பழையதாக இருக்கட்டும். கம்பெனி விற்கப்பட்டிருக்கும் அல்லது மூடப்பட்டிருக்கும், ரகசிய ஒப்பந்தங்களைப் பற்றிக் கவலைப்பட ஆளிருக்காது, பேசுபவர் ஓய்வு பெற்றிருப்பார். அப்போதுதான் வாய் திறக்கும். இப்போது சந்தையில் இருக்கும் சிப்பைச் செய்தவரிடம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாலும், 'அணி சிறப்பாக உழைத்தது' என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

செய்தவர் பெயர் தெரியாவிட்டால் காப்புரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். 1975-ல் வந்த 6502 மைக்ரோபிராசஸருக்கு அமெரிக்கக் காப்புரிமை 3,991,307. பைனரியில் கூட்டும்போதே பதின்ம விடையாகத் திருத்திவிடும் சுற்றுக்காக 1976-ல் தரப்பட்டது. அதில் சக் பெடில், பில் மென்ஷ், வில்பர் மாத்திஸ், ராட்னி ஆர்கில் என நான்கு பெயர்கள் இருக்கின்றன. முதல் இரண்டு பெயர்களை 'ஓரல் ஹிஸ்டரி'யோடு தேடினால், கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2014-ல் இருவரையும் தனித்தனியாக எடுத்த நீண்ட பேட்டிகள் கிடைக்கும். அனலாக் பக்கம் போவதென்றால் பழைய அப்ளிகேஷன் நோட்டின், அதாவது சிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று கம்பெனி வெளியிடும் குறிப்பின், முதல் பக்கமே போதும். லீனியர் டெக்னாலஜி போன்ற கம்பெனிகள் எழுதியவரின் பெயரைப் போட்டே வெளியிட்டன. அனலாக் சுற்று வடிவமைப்பாளர் ஜிம் வில்லியம்ஸ் பெயர் இப்படித்தான் பலருக்கு அறிமுகமானது.

அந்த 6502 கதையில் ஒரு துண்டை மட்டும் பார்ப்போம். 1975 செப்டம்பர், சான் ஃபிரான்சிஸ்கோவில் வெஸ்கான் கண்காட்சி. மோட்டோரோலாவிலிருந்து பெடிலோடு கிளம்பி வந்தவர்கள் எம்ஓஎஸ் டெக்னாலஜியில் செய்த சிப்பை 25 டாலருக்கு விற்கப்போவதாக விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களின் மைக்ரோபிராசஸர்கள் நூறு டாலருக்கு மேல் விற்ற காலம். கண்காட்சி அரங்கில் நேரடி விற்பனை கூடாது என்று தடுத்துவிட, பக்கத்து ஹோட்டல் அறை ஒன்றில் கடை போட்டார்கள். மேஜைமேல் கண்ணாடி ஜாடி நிறைய சிப். பார்ப்பவருக்கு 'உற்பத்தி அமோகம்' என்று தோன்ற வேண்டும். பிற்பாடு பெடில் சொன்னபடி, ஜாடியில் அடியில் கிடந்தவை வேலை செய்யாத சிப்புகள். விற்க வேண்டியவை மேலே இருந்தன.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 25 டாலர் எப்படிக் கட்டுபடியானது என்ற கேள்விக்குப் பேட்டியில் பதில் இருக்கிறது. அதுவரை மாஸ்க்கை, பல சிப்புகள் ஒன்றாக அச்சாகும் சிலிக்கான் தட்டான வேஃபர்மேல் அழுத்தி ஒட்டவைத்துத்தான் ஒளி பாய்ச்சினார்கள். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் மாஸ்க்கில் ஒரு கீறல், ஒரு தூசி. அடுத்த வேஃபரில் அதே இடத்தில் குறை. 1973-ல் பெர்கின்-எல்மர் கம்பெனியின் மைக்ரலைன் மெஷின் வந்ததும், மாஸ்க் வேஃபரைத் தொடாமல் கண்ணாடிகள் வழியே பிம்பம் விழுந்தது. மாஸ்க் கெடாது என்றால், அதில் உள்ள குறைகளை ஒருமுறை மெனக்கெட்டுச் சரிசெய்வதும் வீண் போகாது. எம்ஓஎஸ் டெக்னாலஜிக்கு அந்தத் திருத்தும் வித்தை கைவந்திருந்தது. வேஃபருக்கு இத்தனை நல்ல சிப் என்கிற கணக்கு, அதாவது யீல்ட், ஏறியது, விலை இறங்கியது. ஜாடிக் கதையைச் சொல்லும் பதிவுகள் நிறைய. யீல்ட் கதையையும் சொல்லும் பதிவுதான் தேடத் தகுந்தது.

இனி எங்கே போவது. பாட்காஸ்ட் என்ற பெயரிலேயே இருப்பவற்றில் முதலில் 'தி ஆம்ப் ஹவர்'. சிட்னியின் டேவ் ஜோன்ஸும் அமெரிக்காவின் கிறிஸ் கேமலும் 2010-ல் தொடங்கியது. விருந்தினர் இல்லாத வாரங்களில் செய்தி அரட்டைதான், தாண்டிவிடலாம். விருந்தினர் வரும் எபிசோடுகளைத் தேடி எடுங்கள்; சக் பெடிலே ஒருமுறை வந்திருக்கிறார். ஒரு தொல்லை, தலைப்புகள் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களாக அடுக்கி வைத்த மோனை விளையாட்டு. தலைப்பைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் அவர்களுடைய தளத்தில் உள்ள குறிப்புகளுக்குள்தான் தேட வேண்டும்.

எலிசியா வைட், கிறிஸ்டோஃபர் வைட் தம்பதி 2013 முதல் நடத்தும் 'எம்பெடட்' வேறு மாதிரி. ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள், எழுதும் ஆட்களின் அன்றாட வேலைப் பேச்சு அதிகம். பல எபிசோடுகளுக்கு முழு எழுத்து வடிவம் தளத்திலேயே உண்டு. சர்வர் கம்ப்யூட்டர் செய்யும் ஆக்சைட் கம்பெனிக்காரர்கள் 2019 டிசம்பரில் தொடங்கிய 'ஆன் தி மெட்டல்' குறைந்த எபிசோடுகளோடு நின்றுவிட்டாலும், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தொடக்க கால ஊழியர் டாம் லயன் போன்றவர்கள் நிதானமாகப் பேசியது அதில்தான். அதே ஆட்களின் 'ஆக்சைட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வரிசையில் புது போர்டுக்கு முதல்முறை கரண்ட் கொடுக்கும் கட்டத்தைப் பற்றியே ஒரு எபிசோடு இருக்கிறது. அதைத் தவறவிட வேண்டாம். பாகங்களைப் பொருத்தும் பிசிபி போர்டு வடிவமைப்பென்றால், அதற்கான மென்பொருள் விற்கும் ஆல்டியம் நடத்தும் 'ஆன்ட்ராக்'கில் ரிக் ஹார்ட்லி, லீ ரிட்சி போன்ற பழுத்த ஆட்கள் வந்த எபிசோடுகளை மட்டும் பொறுக்கலாம். கம்பெனி பாட்காஸ்ட்தான், ஆனாலும் அந்த இருவரும் விளம்பரத்துக்கு வளைகிறவர்கள் இல்லை. ஜெர்மானியர் மார்க்குஸ் ஃபெல்டரின் 'ஒமேகா டாவ்' எலக்ட்ரானிக்ஸோடு நிற்பதில்லை. ஒரே ஆளை இரண்டு மணி நேரம் தாண்டியும் விடாமல் கேட்கும் பொறுமைக்காக அதையும் சேர்க்க வேண்டும். பல எபிசோடுகள் ஜெர்மனில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

'ஆன்டிக்' என்ற அட்டாரி 8-பிட் பாட்காஸ்டுக்குத் தனி மரியாதை தரலாம். செய்தி எபிசோடுகளுக்கு நடுவே, அட்டாரியில் வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து கே சாவெட்ஸ் எடுத்த பேட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புகழ்பெற்றவர்கள் மட்டுமில்லை, மேனுவல் எழுதியவர், பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தவர், கேசட் டிரைவ் பார்த்தவர் எல்லாரும் வருகிறார்கள். ஒரு கம்பெனியின் உள்ளே நடந்ததை மேலாளர்கள் வாயால் மட்டும் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பத்து பேட்டியிலேயே தெரிந்துவிடும். பேட்டிகள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருப்பதால் இறக்கிக்கொள்வது சுலபம்.

ஆனால் உண்மையான சுரங்கம் ஆவணக் காப்பகங்கள். கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் பேட்டிகள் பிடிஎஃப் எழுத்து வடிவமாகவும், பல வீடியோவாக யூடியூபிலும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 102 என்று தொடங்கும் ஒன்பது இலக்க கேட்லாக் எண் உண்டு. குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். மின், மின்னணு இன்ஜினியர்களின் சங்கமான ஐஇஇஇ-யின் வரலாற்று மையம் தொகுத்தவை 'இடிஎச்டபிள்யூ' எனும் விக்கியில் இருக்கின்றன. எண்ணூறுக்கும் மேற்பட்ட பேட்டிகள்; பெரும்பாலும் எழுத்து வடிவம்தான். கேட்பதற்கு ஆடியோ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்தக் கதவைத் திறக்காமலே போய்விடுகிறார்கள். போனில் உள்ள வாசித்துக்காட்டும் வசதியில் போட்டுக் கேட்டால் ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள 'சிலிக்கான் ஜெனசிஸ்' தொகுப்பில் கேட்பவர் ராப் வாக்கர், எல்எஸ்ஐ லாஜிக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தொழில் தெரிந்தவர் கேட்பதால் பேசுபவர் அடிப்படையை விளக்கி நேரத்தை வீணடிப்பதில்லை. பிரிட்டன் ஆட்களுக்கு பிரிட்டிஷ் லைப்ரரியின் அறிவியல் வாய்மொழித் தொகுப்பு இருக்கிறது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள்மேல் நடந்த தாக்குதலுக்குப் பின், பழைய இணைப்புகளை நம்ப முடியாமல் போயிற்று.

டிரான்சிஸ்டர் மியூசியம் என்ற சிறு தளத்தில், 555 டைமரைச் செய்த ஹான்ஸ் கேமன்சிண்டின் பேட்டி ஒன்று உண்டு. 1971-ல் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக அவர் முதலில் போட்ட வடிவத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. ஒன்பது என்றால் பதினான்கு கால் பேக்கேஜ். நிலையான கரண்ட் கொடுக்கும் சுற்றை எடுத்துவிட்டு ஒரு ரெசிஸ்டரால் சமாளிக்கலாம் என்று பிறகு தோன்றியதும் ஒரு கால் குறைந்தது. எட்டுக் கால் பேக்கேஜில் அடங்கிவிட்டது. உலகம் பூராவும் இத்தனை மலிவாக அது விற்றதற்கு அந்த ஒரு காலுக்கும் பங்குண்டு. டேட்டாஷீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

தனி ஆள் பேட்டியா, குழுப் பேட்டியா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குழுவை எடுங்கள். தனியாக உட்கார்ந்தால் எல்லாரும் நாயகர்களே. கூட வேலை பார்த்த இருவர் பக்கத்தில் இருந்தால், 'இல்லையில்லை, அது நீ சொன்னதுக்கு முந்தியே நடந்தது' என்று குறுக்கே வருவார்கள். கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2007 ஏப்ரலில் எடுத்த, இசட்80 சிப்பைச் செய்த ஸைலாக் கம்பெனியின் குழுப் பேட்டி நல்ல உதாரணம். ஃபெடரிக்கோ ஃபஜின், ரால்ஃப் உங்கர்மன், மசடோஷி ஷிமா மூவரும் ஒரே மேஜையில்.

அதில் ஷிமா சொல்லும் பொறிக் கதையைக் கேளுங்கள். இசட்80 வெளிவந்தால் அதை அப்படியே காப்பியடிக்க ஆள் காத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். காப்பியடிப்பது எப்படி? சிப்பின் மூடியைத் திறந்து, அடுக்கடுக்காக அரித்துப் போட்டோ எடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராகச் சுற்றை வரைந்துகொள்வார்கள். போட்டோவில் உருவம் தெரியும். ஆனால் சிலிக்கானுக்குள் வேறு அணுக்களைச் செலுத்தும் அயான் இம்ப்ளான்ட் போட்ட இடம், போடாத இடம் என்ற வித்தியாசம் தெரியாது. இம்ப்ளான்ட் விழுந்த டிரான்சிஸ்டர் எப்போதும் கடத்திக்கொண்டே இருக்கும் ரகம், விழாதது சுவிட்ச் போல அணைந்து எரியும் ரகம். பார்வைக்கு சுவிட்ச் போலிருக்கும் சில டிரான்சிஸ்டர்களை ஷிமா இம்ப்ளான்ட் மூலம் நிரந்தரமாகக் கடத்தவிட்டார். போட்டோவை நம்பிக் காப்பியடித்தவன் சிப் வேலை செய்யாது. இப்படி ஆறு பொறிகள். இதனால் தங்களுக்கு ஆறு மாதம் இழுத்துவிட்டது என்று பின்னாளில் ஜப்பானிய கம்பெனியான என்இசி-யின் இன்ஜினியர் ஒருவரே தன்னிடம் சொன்னதாகவும் ஷிமா சொல்கிறார். இதே ஷிமாவை 1994-ல் வில்லியம் ஆஸ்ப்ரே எடுத்த பேட்டி இடிஎச்டபிள்யூ-வில் இருக்கிறது. பதின்மூன்று வருட இடைவெளியில் ஒரே மனிதர் எதை அழுத்திச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

ஞாபகம் நழுவும். அனலாக் சிப் வடிவமைப்பாளர் பாப் விட்லர் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனி வளாகத்துப் புல்லை மேய்க்க 1970-ல் காரில் ஆடு கொண்டுவந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வெள்ளாடு என்பார்கள் சிலர்; அதே கம்பெனியில் இருந்த பாப் பீஸ் செம்மறியாடுதான் என்று மறுத்தார். ஆடு எதுவானால் என்ன, போகட்டும். தொழில்நுட்ப விஷயத்தில் அப்படி விட முடியாது. ஆரம்ப 6502-களில் வலப்பக்கம் சுழற்றும் ஆர்ஓஆர் கட்டளை வேலை செய்யாது. 'அது ஒரு பிழை, பிறகு சரிசெய்தார்கள்' என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கம்பெனியே 1976 ஜனவரியில் அச்சிட்ட புரோகிராமிங் மேனுவலில், ஆர்ஓஆர் 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சிப்புகளில் கிடைக்கும் என்று சாதாரணமாகப் போட்டிருக்கிறது. பேட்டியில் தேதி, எண்ணிக்கை, 'முதன்முதலாக' என்ற சொல் இந்த மூன்றில் எது வந்தாலும் அந்தக் காலத்து மேனுவலையோ டேட்டா புக்கையோ ஒருமுறை புரட்டுவது நல்லது. காரணங்களை, சண்டைகளை, பயன்படுத்திய கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது அவர்களை அதிகம் நம்பலாம். அதெல்லாம் எளிதில் மறப்பதில்லை.

கேட்கத் தொடங்குமுன் சில சொற்கள் பழக வேண்டும். 'ரூபிலித்' என்பது பிளாஸ்டிக் தாள்மேல் ஒட்டிய சிவப்புப் படலம். சிப்பின் ஒவ்வொரு அடுக்கையும் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாக அதில் கத்தியால் வெட்டி, வேண்டாத சிவப்பை உரிப்பார்கள். பிறகு போட்டோ எடுத்துச் சுருக்குவார்கள். உரிக்க மறந்த ஒரு துண்டு சிப்பில் ஒரு ஷார்ட். 'மில்' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 25.4 மைக்ரான், மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கதையே குழம்பும். 'டேப்-அவுட்' வடிவமைப்பை மாஸ்க் போட அனுப்பும் நாள். 'ஸ்பின்' என்றால் திருத்தி மறுபடி அனுப்புவது. 'மெட்டல் ஸ்பின்' மேல் உலோக அடுக்கை மட்டும் மாற்றுவது, செலவும் நாளும் குறைவு. 'அதை மெட்டலில் சரிபண்ணினோம்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அடியில் உள்ள டிரான்சிஸ்டர்களைத் தொடாமல் தப்பித்த நிம்மதி அது.

ஆட்டோமேட்டிக் சப்டைட்டிலுக்குள் தேடும்போது எண்ணை எண்ணாகவே தட்டினால் ஏமாந்துபோவீர்கள். 6502-ஐ 'சிக்ஸ்டி ஃபைவ் ஓ டூ' என்று சொல்வார்கள். இயந்திரம் அதை '65 02' என்று உடைத்தும் எழுதும், சொற்களாகவும் எழுதும். 555 'டிரிபிள் ஃபைவ்' ஆகும். விட்லர் 'வைல்டர்' ஆகிவிடுவார், பீஸ் பட்டாணி ஆகிவிடுவார். எல்லா வடிவத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எழுத்து வடிவமே இல்லாத பதிவென்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலை ஓட்டிக்கொள்ளலாம். விஸ்பர் சிபிபி என்ற இலவச மென்பொருளுக்கு 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தட வேவ் ஃபைல் கொடுப்பது பாதுகாப்பு. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் ஃபைலை அப்படி மாற்றித் தரும். நடுத்தர மாடல் ஒன்றரை ஜிபி. சின்ன மாடல் ஐந்நூறு எம்பிக்குள் அடங்கும், ஆனால் பெயர்களில் கோட்டைவிடும். தொடக்கக் குறிப்பாக ஆட்கள், சிப்புகள் பெயர்களைக் கொடுத்தால் எழுத்துப்பிழை குறையும். அந்தக் குறிப்பின் செல்வாக்கு முதல் முப்பது வினாடித் துண்டோடு தேயத் தொடங்கும் என்பதால், நீண்ட பதிவை அரை மணித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் குறிப்பைக் கொடுங்கள். யாரும் பேசாத இடங்களில் அது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதித் தள்ளும். அதைப் பேச்சு என்று நம்பிவிட வேண்டாம்.

பழைய பதிவுகளில் அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு, கேள்வி ஒரு காதில், பதில் மறு காதில். இரண்டு மைக்கையும் இரண்டு தடத்தில் பதிந்து கலக்காமல் விட்டதன் விளைவு. ஒற்றைத் தடமாக மாற்றி, சத்த அளவைச் சமப்படுத்தினால் தீர்ந்தது. ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் எம்பி3 ஒரு மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. ஓபஸ் வடிவில் 32 கிலோபிட்டே பேச்சுக்குத் தாராளம். மூன்று மணிப் பேட்டி 45 எம்பிக்குள் முடிந்துவிடும். மௌனத்தை வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். எழுபது வயதுக்காரர் ஒரு பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இடைவெளியும் கதையில் சேர்த்தி. அமெரிக்க உச்சரிப்பு ஓடுகிறது என்று தோன்றினால் 0.85 வேகம் போதும். அதற்குக் கீழே போனால் குரல் இழுக்கும்.

ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் என்ற இலவச ஆப், போனில் உள்ள ஒரு ஃபோல்டரையே பாட்காஸ்ட் போலக் காட்டும். காப்பகங்களிலிருந்து எடுத்தவற்றை அதில் போட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாட்காஸ்ட்களுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீட், அதாவது ஆப் படித்துக்கொள்ளும் எபிசோடு பட்டியல், மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல ஃபீடுகள் அண்மைய நூறோ முந்நூறோ எபிசோடுகளோடு நின்றுவிடும். நல்ல பேட்டி பத்து வருடத்துக்கு முந்தையதாக இருந்தால் தளத்துக்கே போய் எம்பி3-ஐ இறக்க வேண்டும். தளமே மூடியிருந்தால் ஃபீடின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டு, பழைய பிரதியில் உள்ள ஃபைல் முகவரியை எடுங்கள். ஆடியோ சில சமயம் அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கும். இறக்கியதும் ஃபைலுக்கு ஆண்டு, பேசியவர், சிப் எண், கேட்லாக் எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். யூடியூப் கொடுக்கும் பெயரோடு விட்டால், இருநூறு ஃபைல் சேர்ந்த பிறகு ஷிமாவின் பேட்டி எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.